டார்வினுக்கும் ஒரு புராணமா?

மேடையிலே பேசுவோரும், ஏட்டிலே தீட்டுவோரும், பள்ளியிலே பாடம் பயிற்றுவோரும் சொல்லிவரும் கதையொன்று உண்டு.

இளைஞன் ஒருவன் கப்பலேறினான். கடல் பல கடந்தான். எரிமலை எழுப்பிய தீவுக் கூட்டமொன்றில் கால் வைத்தான். குருவிகள் சில கண்டான். ஒன்றின் அலகு குட்டை, மற்றொன்றின் அலகு நீளம். கண்டான், கண்டதும் ஒளி பிறந்தது! உயிர்கள் படைக்கப்பட்டவையல்ல, படிப்படியாக மாறி வந்தவை எனும் உண்மை அந்தக் கணமே உள்ளத்தில் உதித்தது. ஊர் திரும்பினான், நூல் எழுதினான், உலகு அதிர்ந்தது. மதவாதிகள் மிரண்டனர், அறிவு வென்றது!

கேட்கச் சுவையான கதை. நம் தோழர்களும் ஆர்வம் பொங்க எடுத்துரைக்கும் கதை. ஆனால், கதைதான் அது; வரலாறு அன்று.

முனிவர் ஒருவர் காட்டிலே கண்மூடி அமர்ந்தார், ஞானம் பிறந்தது என்று கூறினால், "சான்று எங்கே?" என்று கேட்பவர்கள் நாம். அத்தகைய நாம், காட்டுக்குப் பதில் தீவு, முனிவருக்குப் பதில் விஞ்ஞானி, வரத்துக்குப் பதில் குருவி என்று மாற்றி வைத்துக்கொண்டு, அதே புராணத்தைப் புத்தாடை உடுத்தி உலவ விடலாமா? எதிர் முகாமில் ஏடறிந்தார் ஒருவர் எழுந்து, "நீர் கூறியவாறு நடக்கவே இல்லையே!" என்று எடுத்துக் காட்டிவிட்டால் கதை மட்டுமா சரியும்? அதன் தோளிலே நாம் ஏற்றிவைத்த கொள்கையுமன்றோ கேட்போர் கண்ணுக்குச் சாய்ந்து தோன்றும்!

எனவே, பரிணாமக் கொள்கை பிறந்த வரலாற்றை உள்ளது உள்ளவாறு காண்போம். உண்மை, கதையைவிடச் சுவையானது. நமக்குப் பயனும் அதிகம் தருவது.

குருவி சொன்ன சேதி

சார்லஸ் டார்வின் 1809ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு ஷ்ரூஸ்பரியில் பிறந்தார். மருத்துவம் படிக்க எடின்பரோ அனுப்பினர், பிடிக்கவில்லை. பாதிரியாராக்கும் நோக்குடன் கேம்பிரிட்ஜ் அனுப்பினர். அங்கே படிப்பை முடித்த பின்பு, 1831 டிசம்பரில், 22 வயதில், 'பீகிள்' கப்பலேறினார். வேதத்தைப் பொய்யாக்கவா புறப்பட்டார்? இல்லை. கப்பல் தலைவர் பிட்ஸ்ராய்க்கு உரையாடத் தோழமை தேவைப்பட்டது. உயிரினங்களைத் திரட்டும் ஆர்வம் இளைஞருக்கு இருந்தது. அவ்வளவே. அன்று பெரும்பாலோர் நம்பியதைத்தான் அவரும் நம்பினார்.

நிலமும் மலையும் நெடுங்காலச் சிறு மாற்றங்களால் உருவாயின என்று விளக்கும் லயல் என்பாரின் நிலவியல் நூலை அந்த இளைஞர் கையிலே கொடுத்தவர் யார் தெரியுமா? கப்பல் தலைவர் பிட்ஸ்ராயே! பிற்காலத்தில் டார்வின் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். விதையைத் தந்தவரே விளைச்சலைக் கண்டு வெகுண்டார்!

1835 செப்டம்பரில் கலாபகஸ் தீவுகளை அடைந்தனர். ஏறத்தாழ ஐந்து வாரம் தங்கினர். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவினது என்று கூற முடியும் என்று அங்கிருந்த துணை ஆளுநர் லாசன் கூறினார். டார்வின் அதன் பொருளை அப்போது உணர்ந்தாரில்லை. உணவுக்காகக் கப்பலில் ஏற்றிய ஆமைகளைத் தின்றனர். ஓடுகளைக் கடலில் வீசினர். கொள்கைக்குச் சான்றாகக்கூடியவை அலையோடு போயின!

குருவிகளோ? எந்தக் குருவி எந்தத் தீவில் பிடிபட்டது என்பதைக்கூட அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. அவை ஒரே குடும்பம் என்பதையும் அறிந்தாரில்லை. வெவ்வேறு வகைப் பறவைகள் என்றே எண்ணினார். அவர் ஐயத்தைச் சற்றே கிளறியவை வேறொரு பறவை இனம்; பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யும் மாக்கிங் பறவைகள்.

ஒளி பிறந்தது தீவிலன்று, லண்டனில்! 1837 ஜனவரியில், விலங்கியல் சங்கத்துப் பறவை அறிஞர் ஜான் கூல்டு, டார்வின் கொணர்ந்த பறவைத் தோல்களை ஆராய்ந்தார். தோட்டக்காரரின் மகன் அவர். தாமும் தோட்ட வேலை பயின்றவர். வெவ்வேறு எனத் தோன்றும் இந்தக் குருவிகள் யாவும் பிஞ்ச் எனும் ஒரே கூட்டத்தைச் சார்ந்தவை என்று அவர்தாம் கண்டு கூறினார். மாக்கிங் பறவைகளில் மூன்று தனித்தனி இனங்கள் உள்ளன என்றும் உரைத்தார். அதன் பின்னர்தான், பிட்ஸ்ராயும் கப்பலிலிருந்த மற்றவர்களும் தீவின் பெயர் குறித்துவைத்திருந்த பறவைகளைக் கேட்டு வாங்கி, டார்வின் ஒப்பு நோக்கினார். 1837 ஜூலையில், உயிரினங்கள் மாறுவது பற்றிய முதற் குறிப்பேட்டைத் திறந்தார்.

1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலே அந்தக் குருவிகளைத் தம் சான்றாக அவர் எடுத்துப் பேசவே இல்லை. 'டார்வினின் குருவிகள்' எனும் பெயரை உலகறியச் செய்தது, டேவிட் லாக் 1947இல் எழுதிய நூல். குருவியின் அலகு மாறுவதைக் கண்ணெதிரே அளந்து காட்டியவர்கள் 1973இல் அங்கே ஆய்வு தொடங்கிய பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் எனும் அறிஞர் இணையர். 1977இல் கொடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்தன. பெரிய, கடினமான விதையை உடைக்க வல்ல பேரலகுக் குருவிகளே மிகுதியாகப் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகு பெரிதாயிற்று. குருவி சேதி சொன்னது உண்மை. அதை முழுமையாகக் கேட்டறிய 140 ஆண்டுகள் ஆயின!

முன்னோர் இல்லாத முதல்வரா?

உயிர்கள் மாறுகின்றன என்று முதன்முதல் கூறியவர் டார்வின் என்பர். அதுவும் பிழை.

அவருடைய பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் 1794இலேயே அக்கருத்தை நூலில் எழுதினார். டார்வின் பிறந்த அதே 1809இல், பிரெஞ்சு அறிஞர் லாமார்க் அதை விரிவாக எடுத்துரைத்தார். "ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்தது, கழுத்து நீண்டது என்று உளறியவர்தானே!" என்று அந்த லாமார்க்கை நாமும் எள்ளி நகையாடுகிறோம். எண்ணிப் பார்த்தோமா? பழமை நாற்புறமும் அரணெழுப்பி நின்ற நாளிலே, உயிரினங்கள் நிலையானவையல்ல என்று துணிந்து சொன்னவர் அவர். பார்வை இழந்து, வறுமையில் வாடி, 1829இல் மறைந்தார். வாழ்நாளில் பெற்ற மாற்றம் வழித்தோன்றல்களுக்குச் செல்லும் என்னும் கருத்து அவருக்கு மட்டும் உரியதுமன்று. டார்வினும் அதை முற்றிலும் கைவிட்டவரல்லர். ஒருவரின் பிழையைப் பறைசாற்றி, மற்றவரின் அதே பிழையை மறைப்பது ஆய்வாகாது, அடியார் செயல்!

1831இல் பாட்ரிக் மாத்யூ என்பவர், கப்பல் கட்டும் மரம் பற்றிய நூலொன்றின் பின்னிணைப்பிலே இயற்கைத் தேர்வின் சாயலைக் குறித்துவிட்டிருந்தார். யாரும் கவனித்தாரில்லை. பின்னர் அவரே சுட்டிக்காட்டியபோது, டார்வின் மறுத்தாரா, மழுப்பினாரா? இல்லை, 1861இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில், முன்னோர் வரிசையில் அவர் பெயரையும் பொறித்தார். 1844இல் ஆசிரியர் பெயரில்லாத நூலொன்று பரிணாமக் கருத்தைப் பரப்பி இங்கிலாந்தையே கலக்கிற்று. எழுதியவர் ராபர்ட் சேம்பர்ஸ் என்பது 1884இல்தான், அவர் இறந்து பல்லாண்டுக்குப் பின்னர் வெளியாயிற்று.

அங்ஙனமாயின் டார்வினுக்கு உரியது எது? இரண்டு.

ஒன்று, மாற்றம் எங்ஙனம் நிகழ்கிறது என்னும் விளக்கம். 1838இல் மால்தஸ் எழுதிய மக்கள்தொகை நூலை அவர் படித்தார். பிறப்பவை பல; உணவோ அளவுடையது; எனவே யாவும் பிழைத்தல் இயலாது. பிறக்கும் உயிர்களிடையே சிறு சிறு வேறுபாடுகள் உண்டு. சூழலுக்கு ஏற்ற வேறுபாடுடையவை மிகுதியாகப் பிழைத்து, மிகுதியாகப் பெருகும். அந்த வேறுபாடு தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே வரும். இதுவே இயற்கைத் தேர்வு. மற்றொன்று, அதை நிலைநாட்ட அவர் குவித்த சான்றுகளின் மலை.

இருபதாண்டு என்ன செய்தார்?

1842இல் 35 பக்கச் சுருக்கம். 1844இல் ஏறத்தாழ 230 பக்கக் கட்டுரை. தாம் இறந்துவிட்டால் அதை வெளியிடுக என்று மனைவி எம்மாவுக்கு ஒரு மடல். நூலோ 1859இல்! இடையிலே ஏன் இத்தனை ஆண்டு? "மதவாதிகளுக்கு அஞ்சி மறைத்து வைத்தார்" என்பது பலரும் தரும் விடை.

அச்சம் இல்லாமலில்லை. கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல் இருக்கிறது என்று நண்பர் ஹூக்கருக்கு 1844இல் எழுதியவர்தான். ஆனால் அஞ்சி ஒளிந்தவர் செய்த வேலையைப் பாருங்கள்! பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு எனும் சிற்றுயிரை எட்டு ஆண்டுகள், 1846 முதல் 1854 வரை, அறுத்து ஆராய்ந்தார். புறா வளர்ப்போரிடம் சென்று பழகினார். தாமே புறா வளர்த்தார். விதைகளை உப்பு நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, கடல் கடந்தும் அவை முளைக்குமா என்று சோதித்தார். உலகெங்கும் மடல் எழுதி வினவினார். கல்கத்தாவில், ஆசியச் சங்கத்து அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் என்பவர் இந்நாட்டு விலங்குகள், பறவைகள் பற்றிக் குறிப்புகளைக் குவித்தனுப்பினார். அச்சம் அவரைத் தயங்க வைத்திருக்கலாம்; ஆனால் அந்த ஆண்டுகளை நிரப்பியது உழைப்பு.

மறக்கப்பட்ட மனிதர்கள்

பிளைத் 1855இல் எழுதிய மடலொன்றிலே, வாலேஸ் என்பவரின் கட்டுரையைக் காணுமாறு டார்வினைத் தூண்டினார்.

ஆல்பிரட் ரசல் வாலேஸ், பல்கலைக்கழகம் புகாதவர். பதினான்கு வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. நில அளவை செய்து பிழைத்தார். அமேசான் காடுகளில் திரிந்து சேர்த்த செல்வத்தின் பெரும் பகுதியை 1852இல் கப்பல் தீக்கிரையாகியபோது இழந்தார். உள்ளம் உடைந்தாரா? 1854இல் மலேயத் தீவுக் கூட்டங்களுக்குப் புறப்பட்டார். 1858இல், மொலுக்காஸ் தீவுகளில், காய்ச்சலில் கிடந்தபோது, அதே மால்தஸை நினைத்து, அதே இயற்கைத் தேர்வைக் கண்டார். எழுதி, டார்வினுக்கே அனுப்பினார்.

இந்த இடத்தில் இரு கதைகள் முளைத்தன. வாலேஸே இல்லாதது போல் பேசுவது ஒன்று. வாலேஸின் கருத்தை டார்வின் திருடினார் என்பது மற்றொன்று. 1842, 1844 ஆண்டுக் கையெழுத்துப் படிகள் இரண்டாவது கதையைப் பொய்யாக்குகின்றன. 1858 ஜூலை 1இல் லண்டன் லின்னேயச் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்தே படிக்கப்பட்டன. வாலேஸ் தொலைதூரத் தீவிலே. அவரிடம் இசைவு கேட்க நேரமும் இல்லை, கேட்கவும் இல்லை. அது குறையே. டார்வினும் வரவில்லை, காய்ச்சலுக்குப் பலியான தம் குழந்தையை அன்றுதான் அடக்கம் செய்தார். அரங்கம் அதிர்ந்ததா? இல்லை! அவ்வாண்டில் துறையைப் புரட்டக்கூடிய கண்டுபிடிப்பு ஏதும் தோன்றவில்லை என்றுதான் அச்சங்கத் தலைவர் பின்னர் கணக்குச் சொன்னார்! பின்னாளில் வாலேஸ் பகை கொண்டாரில்லை. 1889இல் தாம் எழுதிய நூலுக்கு 'டார்வினியம்' என்றே பெயரிட்டார்.

வாலேஸையேனும் சிலர் அறிவர். அலி எனும் மலாய் இளைஞரை யார் அறிவார்? சரவாக்கில் வாலேஸிடம் பணிக்குச் சேர்ந்து, தீவு தீவாகச் சென்று பறவைகளைச் சுட்டு, உரித்து, பாடம் செய்து தந்தவர் அவர். ஜான் எட்மன்ஸ்டனை யார் அறிவார்? கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். எடின்பரோவில் 1826இல், பறவைகளைப் பாடம் செய்யும் கலையை மாணவர் டார்வினுக்குக் கற்பித்த ஆசிரியர்! அந்தக் கலை கைவராதிருந்தால், தீவுப் பறவைகளின் தோல் லண்டன் வந்து சேர்ந்திருக்குமா? பின்னர்ப் பிரேசிலில், அடிமை முறையை ஆதரித்துப் பேசிய பிட்ஸ்ராயோடு டார்வின் சண்டையிட்டார். அடிமையென்று உலகம் ஒதுக்கிய ஒருவரின் முன் மாணவராய் அமர்ந்தவரல்லவா!

சொல்லாத சொல், நடவாத நாடகம்

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று அந்நூலில் டார்வின் எழுதினார்" என்பர். 1859ஆம் ஆண்டு நூலில் மனிதனின் தோற்றம் பற்றி ஓரிரு குறிப்புக்கு மேல் இல்லை. 1871இல்தான் அதற்கெனத் தனி நூல் எழுதினார். அப்போதும் அவர் கூறியது, மனிதனுக்கும் குரங்குக்கும் பொது முன்னோர் உண்டு என்பதே. இன்று மரத்தில் தாவும் குரங்கு நமக்குப் பாட்டனன்று, பங்காளி!

"வல்லவன் வாழ்வான், மற்றவன் மாள்வான் என்பதே டார்வின் விதி" என்று கூறி, ஆதிக்கத்துக்கு அறிவியல் முத்திரை குத்துவோர் உண்டு. 'தக்கன பிழைத்தல்' என்ற சொல்லை ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், ஆண்டு 1864. டார்வின் அதை 1869இல்தான் தம் நூலில் ஏற்றார். தக்கது என்றால் வலியது என்று பொருளன்று. சூழலுக்கு ஏற்றது என்பதே பொருள். பிறப்பிலே உயர்வு தாழ்வு பேசுவோர்க்கு இக்கொள்கையில் இடமேது? மனித இனங்கள் அனைத்தும் ஒரே குலத்தின் கிளைகள் என்று 1871இல் வாதிட்டவர் டார்வின். அக்காலத்து ஐரோப்பியரின் செருக்குக் கறைகளும் அந்நூலில் உண்டு; அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. கறையைக் கழுவிவிட்டும் நிற்பது கொள்கை.

1860 ஜூன் 30, ஆக்ஸ்போர்டு. "நீர் குரங்கு வழி வந்தது பாட்டன் பக்கமா, பாட்டி பக்கமா?" என்று பிஷப் வில்பர்போர்ஸ் எள்ளி நகையாடினார், ஹக்ஸ்லி ஒரே அடியில் வீழ்த்தினார் என்பது நமக்கு இனிக்கும் காட்சி. சூடான வாதம் நடந்தது மெய். ஆனால் சொல்லுக்குச் சொல் குறித்துவைத்தார் யாருமில்லை; நாம் கேட்டுச் சுவைக்கும் உரையாடல், ஆண்டுகள் பல கழிந்தபின் நினைவிலிருந்து எழுதப்பட்டது. வென்றவர் தாமே என்று ஹூக்கர் கருதினார். பிஷப்போ தம்மையே வென்றவராகக் கருதினார்! மேலும், அன்று அணி பிரிந்தது மதம் ஒருபுறம், விஞ்ஞானம் மறுபுறம் என்றன்று. விஞ்ஞானிகள் ஓவனும் அகாசியும் எதிர்த்தனர். பாதிரியார் கிங்ஸ்லி வரவேற்றார். ஹார்வர்டு தாவர அறிஞர் ஆசா கிரே பக்தர். அவரே அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடினார். மத ஆதிக்கம் எதிர்க்கவே இல்லையென்று கூறவில்லை நாம். 1925இல் அமெரிக்க டென்னசி மாநிலத்தில், பரிணாமம் கற்பித்தமைக்காக ஸ்கோப்ஸ் எனும் ஆசிரியர் கூண்டேற்றப்பட்டாரே! அச்சட்டம் 1967 வரை நீக்கப்படவில்லையே! எதிர்ப்பு உண்மை, அதை எடுத்துரைக்க நமக்குக் கற்பனை தேவையில்லை.

டார்வின் மறைந்தது 1882இல். சாவுப் படுக்கையில் மனம் மாறி மதத்திடம் சரணடைந்தார் என்று 1915இல் ஹோப் சீமாட்டி ஒருவர் பெயரால் கதையொன்று அமெரிக்க ஏட்டில் வெளிவந்தது. உடனிருந்த மகள் ஹென்ரியட்டா 1922இல் அதை மறுத்தார். அது எதிர் முகாமின் கற்பனை. நம் முகாமிலும் ஒன்று உண்டு: காரல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்க விரும்பினார், டார்வின் மறுத்தார் என்பது. மார்க்ஸ் 1873இல் ஒரு படி அனுப்பியதும், டார்வின் நன்றி எழுதியதும் உண்மை. மறுப்பு மடலோ 1880இல் எட்வர்ட் அவெலிங் என்பவருக்கு, அவர் நூல் பற்றி எழுதியது. ஹோப் சீமாட்டியின் கதையைக் கிழித்தெறியும் கை, மார்க்ஸ் கதையையும் கிழித்தெறிய வேண்டும்.

தவறினார், கொள்கை தளரவில்லை

1859இலேயே கொள்கை முழுமை பெற்றதா? இல்லை. பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எங்ஙனம் செல்கிறது என்பதை டார்வின் அறிந்தாரில்லை. 1868இல் அவர் தந்த விளக்கம் தவறானது. விடையின் தொடக்கம் புருனோ நகரத் துறவி மெண்டலிடம் இருந்தது. பட்டாணிச் செடி ஆய்வை அவர் 1866இல் அச்சிட்டார். அந்த ஏடு பிரிக்கப்படாமலே டார்வின் வீட்டில் கிடந்தது என்பதும் கட்டுக்கதையே. அவர் நூலகத்தில் அது இருந்ததில்லை. 1900இல் மெண்டல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டார். அப்போது விஞ்ஞானிகள் பலர் இயற்கைத் தேர்வு தோற்றது என்றே கருதினர்! பிஷர், சீவால் ரைட், ஹால்டேன் மூவரும் மெண்டலின் விதிகளையும் டார்வினின் தேர்வையும் கணக்கியலால் பிணைத்துக் காட்டிய பின்னரே அது நிமிர்ந்து நின்றது. அந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறி, குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

தோழர்களே, இப்போது இரு சித்திரங்களையும் அருகருகே வையுங்கள். ஒன்றிலே, தனி மனிதன், தீவு, திடீர் ஒளி. மற்றொன்றிலே, தோட்டக்காரரின் மகன், விடுதலை பெற்ற அடிமை, மலாய் இளைஞர், காய்ச்சலில் கிடந்த நில அளவையாளர், பட்டாணி பயிரிட்ட துறவி, கல்கத்தாவில் குறிப்பெழுதியவர். இவர்கள் அனைவரின் உழைப்பையும் ஒருங்கு சேர்க்க அரை வாழ்நாளைச் செலவிட்ட டார்வின். முதற் சித்திரத்திற்கு வேண்டியது அருள். இரண்டாவதற்கு வேண்டியது உழைப்பு, ஐயம், திருத்தம். எது நம்முடையது?

பிழையே செய்யாதவர் என்று ஒருவரைப் போற்றினால், அவர் ஒரு பிழை செய்தாலும் எல்லாம் இடிந்து விழும். அவதாரங்களின் இடர் அது. டார்வின் பல இடங்களில் பிழைபட்டார், பின்வந்தோர் திருத்தினர், திருத்தத் திருத்தக் கொள்கை வலுத்தது. அறிவியலின் பெருமை அது.

ஆகவே அடுத்த முறை மேடையேறும் இளைஞர், குருவிக் கதையை விடுத்து, கூல்டின் மேசையைக் காட்டட்டும். "இதற்குச் சான்று என்ன?" என்று பழமையை நோக்கிக் கேட்கும் நாவு, தனக்கு இனிக்கும் கதையை நோக்கியும் அதையே கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சாது நிற்பது எதுவோ, அதுவே அறிவு.